நாற்பத்திரண்டை ஆறாக்கியவர்: என். கோபாலசாமி ஐயங்கார்

நம் அங்கத்தினர் குடும்பங்களில் ஒரு ரயில்வே தாத்தாவோ, ரயில்வே பெரியப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. எஸ்.ஐ.ஆரில் இருந்தார், எம்.எஸ்.எம்மில் இருந்தார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எஸ்.ஐ.ஆர். என்றால் திருச்சி, எம்.எஸ்.எம். என்றால் சென்னை பார்க் டவுன். இரண்டும் 1951 ஏப்ரல் 14ஆம் தேதியோடு மறைந்து, தென்னக ரயில்வே பிறந்தது. இதைச் செய்து முடித்த மந்திரி யார் என்று கேட்டால் பெரும்பாலோர் லால் பகதூர் சாஸ்திரியின் பெயரைச் சொல்லுவார்கள். சாஸ்திரி 1952 மே மாதம்தான் அந்தப் பொறுப்புக்கு வந்தார். அதற்கு முன் மூன்றரை வருஷத்துக்கு மேல் ரயில்வே மந்திரியாக இருந்தவர் நம் தஞ்சாவூர் ஜில்லாக்காரரான ஸர் நரசிம்ம கோபாலசாமி ஐயங்கார். காஷ்மீர் விவகாரத்தில் அவர் பெயர் இன்றும் அடிபடுகிறது. ரயில்வேயில் அவர் செய்த காரியம் அநேகமாக மறந்தே போய்விட்டது.

எனக்கு அவர்மேல் தனியான ஓர் ஈடுபாடு உண்டு. காரணம் என் உத்தியோகம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தணிக்கை மற்றும் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் எனக்குக் கொடுத்த வேலைக்கு சேஞ்ச் மேனேஜ்மெண்ட் என்று பெயர். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகச் சேரும்போது யார் எந்த நாற்காலியில் உட்காருவது, எந்த ஊர் ஆபீஸ் தலைமை ஆபீஸ், யாருடைய டைம் ஷீட் முறையை எல்லோரும் பின்பற்றுவது, அங்கே மானேஜராக இருந்தவர் இங்கே சீனியர் மானேஜரா அல்லது வெறும் மானேஜரா என்பவற்றையெல்லாம் தீர்த்து வைக்கும் வேலை. சில நூறு பேர் உள்ள இடத்திலேயே இது எத்தனை பேருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஐயங்கார் லட்சக்கணக்கான பேரை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்.

இப்போது அந்தமானில், பத்துபஸ்தியில், மகன் வீட்டோடு இருக்கிறேன். (போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். வாயில் வருவதென்னவோ பழைய பெயர்தான்.) இந்தத் தீவுகளில் தண்டவாளம் கிடையாது. கப்பல், விமானம், இல்லாவிட்டால் டிரங்க் ரோடு பஸ். பக்கத்து வீட்டுப் பையன் நான் படிக்கும் புஸ்தகங்களைப் பார்த்துவிட்டு, மாமா, ரயிலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு ரயில்வே சரித்திரமா என்று சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

ஐயங்கார் பிறந்தது 1882 மார்ச் 31. சென்னை வெஸ்லி பள்ளியிலும், பிரஸிடென்ஸி காலேஜிலும், லா காலேஜிலும் படிப்பு. 1904இல் கொஞ்ச காலம் பச்சையப்பன் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அடுத்த வருஷமே டெபுடி கலெக்டராக சர்க்கார் உத்தியோகம். லண்டனுக்குப் போய் ஐ.சி.எஸ். பரீட்சை எழுதி வந்தவர் அல்ல. மாகாண ஸர்வீஸில் கீழ்ப்படியிலிருந்து ஏறியவர். பதினான்கு வருஷம் டெபுடி கலெக்டராகவே இருந்துவிட்டு, 1920இல்தான் கலெக்டர் ஆனார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஜமாபந்தி, தாலுகா கச்சேரி, கர்ணம் கணக்கு என்று கீழ்மட்டத்தில் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதை மேலேயிருந்து பார்த்தவர் அல்ல, அதிலேயே உழன்றவர்.

1921 முதல் ஏழு வருஷம் அவர் பஞ்சாயத்துகளின் ரிஜிஸ்திரார் ஜெனரல், ஸ்தல ஸ்தாபனங்களின் இன்ஸ்பெக்டர். 1920ஆம் வருஷத்துச் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் காகிதத்தில் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் அதை உயிருள்ளதாக்குவது இவர் பொறுப்பு. ராமநாதபுரம், குண்டூர் ஜில்லாக்களில் ஏராளமான பஞ்சாயத்துகள் அந்தக் காலத்தில் அமைந்தன. சட்டம் இயற்றுவது ஒரு வேலை, ஜனங்களை அதற்குள் கொண்டுவந்து உட்கார வைப்பது வேறொரு வேலை என்பது அவருக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்புறம் அனந்தப்பூர் கலெக்டர், முனிசிபாலிட்டிகளின் இன்ஸ்பெக்டர், 1932 முதல் 1934 வரை பொதுப்பணித் துறைக் காரியதரிசி. மேட்டூர் அணை வேலை முடியும் தறுவாயில் இருந்த வருஷங்கள் அவை. பிறகு ரெவின்யூ போர்டு மெம்பர். 1937இல் சென்னை உத்தியோகத்தை முடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயதில் ஜம்மு–காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாகப் போனார். 1943 வரை அங்கே. 1941இல் ஸர் பட்டம் கிடைத்தது.

காஷ்மீரைப் பற்றி விரிவாக எழுத இங்கே இடமில்லை, அது நிறைய எழுதப்பட்டும் விட்டது. 1947 ஆகஸ்டில் அமைந்த அரசியல் சாசன வரைவுக் குழுவின் ஏழு பேரில் அவர் ஒருவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இன்னொருவர். இலாகா இல்லாத மந்திரியாக நேருவின் மந்திரிசபையில் சேர்ந்து, 1948 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு இந்தியக் குழுவை நடத்திச் சென்றார். பிற்பாடு 370 என்று எண் பெற்ற ஷரத்தை 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் பிரேரேபித்தவரும் அவர்தான். 2019இல் அதன் கீழிருந்த சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்டபோது அவர் பெயர் மறுபடி பத்திரிகைகளில் வந்தது. இன்னொரு விஷயம்: அந்த 1950ஆம் வருஷத்து அரசியல் சாசனத்தின் முதல் அட்டவணையில், நான் குடியிருக்கும் இந்தத் தீவுகள் மட்டும் 'டி' பிரிவில் தன்னந்தனியாக நின்றன.

என் கட்டுரைக்கு வேண்டியது 1948 செப்டம்பரில் தொடங்குகிறது. அந்த மாதம் ஜான் மத்தாய்க்குப் பிறகு ரயில்வே மற்றும் போக்குவரத்து மந்திரியாக ஐயங்கார் பொறுப்பேற்றார். ஏறக்குறைய அதே சமயத்தில் இன்னொரு வேலையும் அவரிடம் வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு டெல்லி செக்ரடேரியட் பெருத்துக்கொண்டே போயிற்று. இலாகாக்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. யுத்தக் காலத்திலேயே டாட்டன்ஹாம் என்ற அதிகாரி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருந்தார், 1947இல் கிரிஜா சங்கர் பாஜ்பாய் தலைமையில் ஒரு கமிட்டி பார்த்தது. மத்திய சர்க்காரின் அமைப்பை எப்படித் திருத்தி அமைக்கலாம் என்று மறுபடி பார்த்துச் சொல்லும்படி ஐயங்காரிடம் ஒப்படைத்தார்கள். 1949இல் அவர் தனி மனிதராக ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தார். உறவுள்ள இலாகாக்களை நாலு பெரிய தொகுதிகளாகக் கட்ட வேண்டும், மந்திரிசபைக்கு நிலைக்குழுக்கள் வேண்டும், வேலை முறைகளையே கவனிக்க ஒரு தனிப் பிரிவு வேண்டும் என்பவை அதன் சாரம்.

அந்த ரிப்போர்ட்டுக்கு என்ன ஆயிற்று? மந்திரிசபை நிலைக்குழு யோசனை எடுபட்டது. தொகுதிகளாகக் கட்டும் யோசனை காகிதத்திலேயே நின்றுவிட்டது. வேலை முறைகளைக் கவனிக்கும் பிரிவு 1954இல்தான் வந்தது, அதுவும் அமெரிக்கர் பால் ஆப்பிள்பி 1953இல் வந்து பார்த்து மறுபடி சொன்ன பிறகு. என் தொழிலில் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. ஆலோசனை ரிப்போர்ட்டுகளின் ஜாதகமே இதுதான். அழகாகக் கட்டிக் கொடுத்த ரிப்போர்ட்டை வாடிக்கையாளர் அலமாரியில் வைத்து, அடுத்த ஆலோசகருக்கு எடுத்துக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த ஆலோசகர் கையில் ஒரு நிஜமான ஸ்தாபனமும் இருந்தது. செக்ரடேரியட் விஷயத்தில் எழுதிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. ரயில்வே விஷயத்தில் எழுதியவரே செய்தும் காட்ட வேண்டியிருந்தது. ஒரே மனிதர், ஒரே காலகட்டம், இரண்டு விதமான முடிவு. அவர் வாழ்க்கையில் எனக்கு ருசிப்பது இந்த இடம்தான்.

அன்று ரயில்வே இருந்த நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சுதந்திரத்தின்போது இந்தியாவில் நாற்பத்திரண்டு ரயில்வே அமைப்புகள் என்று கணக்குச் சொல்வார்கள். அவற்றில் முப்பத்திரண்டு சமஸ்தானங்களுடையவை. மொத்தம் சுமார் 55,000 கிலோமீட்டர் பாதை. நிஜாம் ரயில்வே, மைசூர் ரயில்வே, ஜோத்பூர், பிகானேர், ஜெய்ப்பூர், சௌராஷ்டிரத்தின் சின்னச் சின்ன லைன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பள விகிதம், தனி விதிப் புஸ்தகம், தனி வொர்க்‌ஷாப். பெரிய கம்பெனி ரயில்வேக்களை சர்க்கார் ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டது. எஸ்.ஐ.ஆரும் எம்.எஸ்.எம்மும் 1944 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் சொத்து. ஆனால் சொந்தக்காரர் மாறினாரே தவிர உள்ளே ஒன்றும் மாறவில்லை. அதே பெயர், அதே ஆபீஸ், அதே வழக்கம், இன்னும் ஏழு வருஷம் ஓடின. நிறுவனத்தை வாங்குவது ஒரு கையெழுத்து வேலை. இரண்டை ஒன்றாக்குவதுதான் கஷ்டம்.

தேசப் பிரிவினை வேறு. வடமேற்கு ரயில்வேயும் வங்க–அஸ்ஸாம் ரயில்வேயும் இரண்டாக அறுபட்டன. என்ஜின்கள் கிழடு தட்டியிருந்தன. யுத்தக் காலத்தில் போட்ட சுமை, அகதிகளைச் சுமந்த சுமை எல்லாம் சேர்ந்து உருக்குலைந்திருந்தது. இந்த நிலையில், பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் அமைந்த ரயில்வே விசாரணைக் கமிட்டி, ரயில்வேக்களைத் திருத்தித் தொகுக்கும் வேலையை ஐந்து வருஷம் தள்ளிப்போடுவது நல்லது என்று சிபாரிசு செய்தது. முதலில் என்ஜினையும் தண்டவாளத்தையும் சீர் செய்யுங்கள், அப்புறம் அமைப்பைத் தொடலாம் என்பது வாதம். நியாயமான வாதம்தான், இலேசாகத் தள்ள முடியாது.

ஐயங்கார் காத்திருக்கவில்லை. சமஸ்தானங்கள் சேர்ந்த பிறகு, 1950 ஏப்ரல் 1 முதல் அவற்றின் ரயில்வேக்களும் மத்திய சர்க்காரிடம் வந்துவிட்டன. வி.டி. கிருஷ்ணமாச்சாரி கமிட்டியின் நிதி ஒருங்கிணைப்புத் திட்டப்படி நடந்தது அது. வந்த பின் இருபது, முப்பது குட்டி ரயில்வேக்களை டெல்லியிலிருந்து தனித்தனியே எப்படி நடத்துவது? இரண்டில் ஒன்று செய்தே ஆக வேண்டும். சமஸ்தான ரயில்வே சிப்பந்திகளுக்கு ஏற்கனவே எல்லாம் தலைகீழாகத்தான் இருந்தது. ராஜா போய்விட்டார், கொடி மாறிவிட்டது. அந்தச் சமயத்திலேயே ரயில்வே அமைப்பையும் மாற்றினால் ஒரே குலுக்கலோடு போயிற்று. ஐந்து வருஷம் விட்டால் தற்காலிக ஏற்பாடுகளே வேர் பிடித்துவிடும், அப்புறம் அவற்றைப் பிடுங்க இன்னொரு சண்டை. அவர் மனதில் ஓடிய கணக்கு இதுதானா என்று நான் சாட்சி சொல்ல முடியாது. என் அனுபவத்தில், இணைப்பு என்று ஒருமுறை அறிவித்துவிட்டு இரண்டு வருஷம் இழுத்த இடங்களில் நல்ல ஆட்கள் முதலில் போய்விடுவார்கள். போக இடமில்லாதவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

ஆனால் அவசரம் என்பதற்காக யாரையும் கேட்காமல் செய்யவில்லை. ரயில்வே போர்டு தயாரித்த உத்தேசத் திட்டத்தை 1950இல் வெளியிட்டு, மாகாண சர்க்கார்கள், வர்த்தக சங்கங்கள், தொழிலாளர் அமைப்புகள் எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். திட்டத்தின் அடிப்படைகள் எளிமையானவை. ஒவ்வொரு ரயில்வேயும் ஒரு பிரதேசத்தை ஒழுங்காக அடக்கியதாக இருக்க வேண்டும். நல்ல தகுதியுள்ள ஒரு தலைமை நிர்வாகத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். மாற்றத்தினால் நடக்கிற வண்டிகளுக்கும் இருக்கிற சிப்பந்திகளுக்கும் முடிந்தவரை குறைவான இடைஞ்சல் ஏற்பட வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் மாற்றம் செய்ய வருபவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துபோவார்கள்.

முதலில் எடுத்துக்கொண்டது நம் தெற்கு. எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம்., மைசூர் ரயில்வே மூன்றும் சேர்ந்து 1951 ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் பிறப்பை ஒட்டி, தென்னக ரயில்வே ஆயிற்று. ஏறத்தாழ 6,000 மைல் பாதை. தெற்கை ஏன் முதலில் தேர்ந்தெடுத்தார்கள்? பிரிவினைக் காயம் இல்லாத பிரதேசம். மூன்றே பெரிய பங்காளிகள். பூகோள ரீதியில் கச்சிதம். தவிர, மந்திரி தன் சொந்த ஊரில் ஆரம்பித்தால், எங்களைப் பலி கொடுத்துவிட்டார் என்று மற்ற மாகாணங்கள் முதலிலேயே கூச்சல் போட முடியாது. இந்தக் கடைசிக் காரணம் என் ஊகம்தான்.

கச்சிதம் என்று சொன்னாலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எழும்பூரிலிருந்து திருச்சி, மதுரை, தூத்துக்குடி என்று எஸ்.ஐ.ஆரின் பெரும்பகுதி மீட்டர் கேஜ். ஜோலார்பேட்டையிலிருந்து போத்தனூர், ஒலவக்கோடு வழியாக மங்களூர் போகும் லைன் மட்டும் பிராட் கேஜ். எம்.எஸ்.எம்மிடம் இரண்டும் உண்டு. மைசூரில் மீட்டர் கேஜ், நேரோ கேஜ். பெரம்பூரில் ஒரு வொர்க்‌ஷாப், பொன்மலையில் ஒன்று, ஹூப்ளியில் ஒன்று, மைசூரில் ஒன்று. இவற்றில் எதையும் மூடாமல் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள்.

மூட வேண்டி வந்தது ஒன்றே ஒன்று: ஒரு தலைமை ஆபீஸ். ஒரு ரயில்வேக்கு இரண்டு ஹெட் ஆபீஸ் இருக்க முடியாது. சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 1922இல் எழும்பிய எம்.எஸ்.எம்மின் பிரம்மாண்டக் கட்டடம் தென்னக ரயில்வேயின் தலைமை ஆபீஸ் ஆயிற்று. 1880ஐ ஒட்டி நாகப்பட்டினத்திலிருந்து தலைமையகத்தைத் தன்னிடம் இழுத்துக்கொண்ட திருச்சி, எழுபது வருஷம் கழித்து அதே பாக்கியத்தைச் சென்னைக்கு விட்டுக்கொடுத்தது. நாகப்பட்டினத்துக்காரர்கள் என்ன நினைத்தார்களோ!

திருச்சிக்கு இது சாதாரண நஷ்டம் இல்லை. ஏஜெண்ட், பிறகு ஜெனரல் மானேஜர் என்று பெரிய துரைமார் இருந்த ஊர். கண்ட்டோன்மெண்ட் பங்களாக்கள், குமாஸ்தாக்கள் நிரம்பிய ஆபீஸ்கள், பொன்மலைக் காலனி என்று ஊரின் ஜீவனமே ரயில்வேயைச் சுற்றி இருந்தது. தலைமை ஆபீஸ் போனால் அதோடு பதவி உயர்வு வாய்ப்புகளும் போகும். திருச்சியில் சொந்த வீடும், காவிரி ஜலமும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் உள்ள ஹெட் கிளார்க் சென்னையில் வாடகை வீடு தேட வேண்டும். இதை ஐயங்கார் அறியாதவரல்ல, அவரே தஞ்சை ஜில்லாக்காரர். தெரிந்தே செய்தார். துறைமுகம், மாகாண சர்க்கார், மற்ற ரயில்வேக்களோடு தொடர்பு எல்லாம் சென்னையில் இருக்கும்போது தலைமை ஆபீஸ் வேறு எங்கே இருக்க முடியும் என்பதற்கு இன்றும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஹெட் கிளார்க்கின் கணக்கில் இது சரியான முடிவு ஆகாது. இரண்டு கணக்கும் உண்மை. ஒரு மாற்றத்தை நடத்துகிறவர் இரண்டாவது கணக்கு இல்லவே இல்லை என்று பாவனை செய்தால்தான் ஆபத்து.

பொன்மலையின் ஞாபகமும் அவருக்கு இருந்திருக்கும். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தின்போது அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் சரித்திரத்தில் ஆறாத புண் அது. அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்துக்கு அப்போது ஜெயப்பிரகாஷ் நாராயண் தலைவர். 1949இல் தேசம் தழுவிய ரயில்வே ஸ்டிரைக் வரும் என்ற நிலை ஏற்பட்டு, கடைசியில் விலகிற்று. அந்தச் சூழ்நிலையில் ரயில்வேக்களை ஒன்றாக்கப்போகிறோம் என்றால், ஆள் குறைப்புக்கு நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எந்தத் தொழிலாளியும் நினைப்பான். தொகுப்பினால் யாருக்கும் வேலை போகாது என்ற உறுதியைத் தந்துதான் அவர் காரியத்தில் இறங்கினார்.

அதற்கும் மேலாக ஒன்று செய்தார். 1952 ஜனவரி முதல் ரயில்வேயில் ஒரு நிரந்தரப் பேச்சுவார்த்தை அமைப்பு வந்தது. ஒவ்வொரு ரயில்வே மட்டத்திலும் நிர்வாகமும் சங்கமும் குறிப்பிட்ட இடைவெளியில் உட்கார்ந்து பேச வேண்டும், தீராதது ரயில்வே போர்டு மட்டத்துக்குப் போகும், அங்கேயும் தீராதது தீர்ப்பாயத்துக்குப் போகும் என்று மூன்று படி. ரயில்வேக்காரர்கள் பி.என்.எம். என்று இன்றும் சொல்வது இதைத்தான். தொகுப்பு முடிந்த பிறகு வரக்கூடிய சில்லறைத் தகராறுகளின் எண்ணிக்கையை நினைத்தால் இதன் அருமை தெரியும். மூன்று ரயில்வே குமாஸ்தாக்களை ஒரே சீனியாரிட்டிப் பட்டியலில் அடுக்குவதென்றால் சும்மாவா? எங்கள் நிறுவனத்தில் நாற்பது மானேஜர்களின் பட்டியலை ஒன்றாக்கவே எட்டு மாதம் ஆயிற்று. அதில் நான் கண்டது, ஜனங்கள் முடிவைவிட முடிவு சொல்லும் இடம் தெரியாததற்குத்தான் அதிகம் கொதிப்பார்கள். என்றைக்கு, யாரிடம், எந்த மேஜையில் கேட்கலாம் என்று தெரிந்தால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

தெற்குக்குப் பிறகு, 1951 நவம்பர் 5 அன்று பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய ரயில்வே, மேற்கு ரயில்வே இரண்டும் பிறந்தன. நிஜாம் ரயில்வே மத்தியத்தில் போயிற்று. சௌராஷ்டிர லைன்கள் மேற்கில் சேர்ந்தன. 1952 ஏப்ரல் 14 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும். ஒரு வருஷத்துக்குள் ஆறு மண்டலங்களும் வந்துவிட்டன. கடைசிக் கட்டத்தில்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது. பழைய ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் மேற்பகுதியான அலகாபாத், லக்னோ, மொராதாபாத் மூன்று டிவிஷன்களையும் எடுத்து டெல்லியைத் தலைமையாகக் கொண்ட வடக்கு ரயில்வேயோடு சேர்த்தார்கள். கல்கத்தா சும்மா இருக்குமா? நூறு வருஷ கௌரவத்தை வெட்டிவிட்டார்கள் என்று வங்காளத்தில் பெரும் எதிர்ப்பு. அப்படியிருந்தும் தேதி தள்ளிப்போகவில்லை.

ஐயங்கார் போட்ட கோடுகள் எல்லாம் நிலைத்தன என்று சொல்லமாட்டேன். கிழக்கு ரயில்வே பாரம் தாங்காமல் 1955 ஆகஸ்டிலேயே தென்கிழக்கு பிரிந்தது. வடகிழக்கிலிருந்து 1958இல் வடகிழக்கு எல்லை ரயில்வே. நம் தென்னகத்திலிருந்தும் மத்தியத்திலிருந்தும் பகுதிகளை எடுத்து 1966 அக்டோபர் 2 அன்று தென்மத்திய ரயில்வே. 2003 வாக்கில் மண்டலங்கள் பதினாறு ஆகிவிட்டன. இதைக் காட்டி, ஆறு என்பது தப்புக் கணக்கு, அளவுக்கு மீறிப் பெரிதாகப் பண்ணிவிட்டார் என்பவர்கள் உண்டு. பெரிதுதான். ஆனால் ஒரே விதி, ஒரே சம்பள விகிதம், ஒரே தணிக்கை என்று ஆன பிறகு ஒன்றை இரண்டாகப் பிரிப்பது எளிது. வெவ்வேறு விதிகளோடு இருக்கும் நாற்பத்திரண்டிலிருந்து நேராகப் பதினாறுக்குப் போயிருக்க முடியாது. பின்னால் நடந்த பிரிவினைகளில் எல்லாம் நிர்வாகக் காரணம் மட்டுமேதான் இருந்ததா என்பதை அங்கத்தினர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

அந்த மூன்றரை வருஷத்தில் மற்ற காரியங்களும் நின்றுவிடவில்லை. பிரிவினையால் துண்டிக்கப்பட்ட அஸ்ஸாமுக்கு இந்திய மண் வழியாகவே புது இணைப்புப் பாதை போட்டு முடித்தார்கள். 1950இல் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து முதல் நீராவி என்ஜின் வெளிவந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காக ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது 1949இல். 1955 அக்டோபர் 2 அன்று நேரு அதைத் திறந்து வைத்தபோது ஐயங்கார் உயிரோடு இல்லை. குன்ஸ்ரு கமிட்டி சொன்னபடி என்ஜினையும் பெட்டியையும் கவனித்துக்கொண்டேதான் அமைப்பையும் மாற்றியிருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சர்தார் படேல் 1950 டிசம்பரில் காலமான பிறகு சமஸ்தான இலாகாவையும் அவரே பார்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. 1952 பொதுத் தேர்தலுக்குப் பிறகு ரயில்வேயை சாஸ்திரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பாதுகாப்பு மந்திரியானார். புதிதாக அமைந்த ராஜ்ய சபையின் முதல் அவைத் தலைவரும், அதாவது ஆளும் கட்சியின் சார்பில் சபையை நடத்திச் செல்பவரும், அவர்தான். கூட்டம் கூட்டிப் பேசி வளர்ந்த அரசியல்வாதி அல்ல அவர். கட்சி, கோஷம், மாலை மரியாதை எதிலும் ஊறாதவர். கடைசி வரை பைல் பார்க்கும் மனிதராகவே இருந்தார். ஒருவேளை அதனாலேயே ஜனங்கள் மறந்துவிட்டார்களோ என்னவோ. பதவியில் இருக்கும்போதே 1953 பிப்ரவரி 10 அன்று காலமானார். அவர் புதல்வர் ஜி. பார்த்தசாரதி பிற்காலத்தில் பெயர் பெற்ற ராஜதந்திரியாக விளங்கினார்.

திருச்சியின் கதையை முடித்துவிடுகிறேன். 1956இல் தென்னக ரயில்வே கோட்ட முறைக்கு மாறியது. அப்போது திருச்சி ஒரு கோட்டத்தின் தலைமையிடம் ஆயிற்று. தலைமை ஆபீஸ் திரும்பி வரவில்லை. பொன்மலை வொர்க்‌ஷாப் இன்றும் இயங்குகிறது.

நம் அங்கத்தினர் வீடுகளில் 1951இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்த ரயில்வே தாத்தாக்களின் ஸர்வீஸ் புஸ்தகமோ, கடிதமோ, வீட்டில் சொல்லிவந்த கதையோ இருந்தால் இதழுக்கு எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். மைசூர் ரயில்வேயிலிருந்தும் நிஜாம் ரயில்வேயிலிருந்தும் வந்தவர்கள் குடும்பங்கள் பெங்களூரிலும் செகந்திராபாத்திலும் நிறைய இருக்கும். அவர்களும் எழுத வேண்டும்.